சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது!

(பட்டிமன்றத் தலைப்பு: 'நடுவழியில் வண்டி நிற்பதற்குப் பெரிதும் காரணம் வண்டியின் குறையா? வைத்திருப்பவரின் குறையா?' – 'வைத்திருப்பவரின் குறையே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே வந்து அமர்ந்து, தங்கள் கார் மேலேயே குற்றப் பத்திரிகை வாசித்துவிட்டுப் போன நண்பர்களே! என் அணியின் சகோதர சகோதரிகளே! அவை நிறைந்திருக்கின்ற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஒரு காதை எங்களுக்கும் இன்னொரு காதைக் குக்கர் விசிலுக்கும் கொடுத்துக் கொண்டிருக்கும் குடும்பத்தினரே! (சிரிப்பு)

இந்தத் தலைப்பிலே பேசணும்னு கடிதம் வந்ததும் என் மனைவி கேட்டாங்க, "ஏங்க, நீங்க தமிழ் வாத்தியார். புறநானூற்றிலே தேர் வரும், யானை வரும், குதிரை வரும். பேட்டரி வருமா?" அப்படின்னு. நான் சொன்னேன், "அம்மா, அந்தக் காலத்துத் தேரிலே குதிரைக்குப் புல்லு போட மறந்தா குதிரை கனைச்சுக் காட்டும். இந்தக் காலத்துத் தேரும் கனைக்குது. நமக்குத்தான் காது கேட்கலை. அதைத்தான் பேசப் போறேன்." உடனே சொன்னாங்க, "காது கேட்காததைப் பத்திப் பேச உங்களை விட்டா ஆள் கிடையாது. போயிட்டு வாங்க." (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணியிலே மூன்று குற்றச்சாட்டு வைத்தார்கள். ஒன்று, "திடீர்னு நின்னு போச்சு." இரண்டு, "நம்ம ஊர் வெயில் பேட்டரியைத் தின்னுடுது." மூன்று, "இப்ப வர்ற வண்டியெல்லாம் ஒயரும் கம்ப்யூட்டரும்தான், நமக்கு என்ன புரியும்?" ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்கிறேன்.

முதல் குற்றச்சாட்டு, 'திடீர்.' ஐயா, இந்தத் 'திடீர்' என்கிற சொல் இருக்கே, இது ரொம்பப் பொல்லாத சொல். பையன் பரீட்சையிலே திடீர்னு ஃபெயில் ஆயிட்டான் என்பார்கள். வாத்தியார் ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக் கொண்டிருப்பார். சுவர் திடீர்னு விழுந்துவிட்டது என்பார்கள். நாலு மழைக் காலமாக விரிசல் விட்டிருக்கும். அந்தக் குடும்பத்திலே பிறந்ததுதான் 'வண்டி திடீர்னு நின்னு போச்சு' என்பதும்.

முதலிலே அந்தப் பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். காரிலே இருக்கிறது 12 வோல்ட் பேட்டரி. உள்ளே ஆறு அறை. ஒவ்வொரு அறையும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கும். ஈயத் தகடு, கந்தக அமிலம், தண்ணீர், இவ்வளவுதான் சமாசாரம். இதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு கஸ்தோன் பிளாந்தே. ஆண்டு 1859. அப்போது உலகத்திலே கார் என்கிற பொருளே ஓடவில்லை! தாலி செய்து வைத்தாயிற்று, மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. (சிரிப்பு)

கார் வந்த பிறகும் ரொம்ப நாள் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்னாலே கைப்பிடியைச் செருகிச் சுற்றினார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அம்பாசிடர் காருக்குக்கூட டிக்கியிலே ஒரு ஹேண்டில் கிடக்கும். அந்த ஹேண்டில் சில நேரம் திருப்பி உதைக்கும். மணிக்கட்டு முறியும், முழங்கை பிசகும். அதற்கு விடிவு கண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களிலே வந்தது. எதிரணியிலே பேசிய அம்மையார், "பெண்கள் தனியாகக் காரிலே போய் மாட்டிக் கொள்கிறோம்" என்று வருத்தப்பட்டார்கள். தாயே! பெண்கள் யார் தோளையும் எதிர்பார்க்காமல் தாங்களே வண்டியைக் கிளப்பலாம் என்கிற வசதியைக் கொடுத்ததே இந்தப் பேட்டரிதான். அதைப் போய்த் துரோகி என்கிறீர்களே! (கைதட்டல்)

வண்டிக்குள்ளே இருக்கும் மின்சாரக் கணக்கைக் குடும்பக் கணக்காகச் சொல்கிறேன், தாய்மார்களுக்குச் சட்டென்று விளங்கும். பேட்டரி என்பது பாட்டியின் சுருக்குப் பை. ஆல்டர்னேட்டர் என்பது மாதாமாதம் பணம் அனுப்புகிற பிள்ளை. இன்ஜின் ஓடும்போது அவன் சம்பாதித்து வீட்டுச் செலவையும் பார்த்து, மிச்சத்தைப் பாட்டி பையிலே போடுகிறான். செல்ஃப் மோட்டார் இருக்கிறதே, அது பேத்தி கல்யாணம். இரண்டே வினாடிதான், ஆனால் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் ஒரே மூச்சிலே கேட்கும். பாட்டி கொடுத்துவிடுவாள். பிள்ளை ஒழுங்காக அனுப்பினால் பை மறுபடி நிறையும்.

நாம் என்ன செய்கிறோம்? காலையிலே பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே விட ஒரு ஸ்டார்ட். பால் வாங்க ஒரு ஸ்டார்ட். கோயில் வாசலிலே நிறுத்தி ஒரு ஸ்டார்ட். காய்கறிக் கடையிலே ஒன்று. நடுவிலே ஓடுவது அரை கிலோமீட்டர். அதிலும் ஏ.சி., பாட்டு, விளக்கு, செல்போனுக்குச் சார்ஜ். பிள்ளை சம்பாதித்ததை வழியிலேயே செலவழித்துவிட்டு, பாட்டி பையிலே மட்டும் நாலு கல்யாணம் செய்கிறோம். ஒரு நாள் பாட்டி பையைக் கவிழ்த்துக் காட்டுகிறாள். உடனே நாம் ஊரைக் கூட்டி, "திடீர்னு ஏமாத்திட்டா கிழவி!" (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

அதுவும் சொல்லாமல் கவிழ்ப்பதில்லை ஐயா. முதலிலே செல்ஃப் இழுக்கும். "வ்ர்ரூம்" என்று எடுத்த வண்டி, "ஊ... ஊ... ஊ..." என்று தூக்கத்திலே எழுப்பிய பிள்ளை மாதிரி முனகும். அடுத்தது, சாவியைத் திருப்பும்போது விளக்குகள் மங்கும். மூன்றாவது, ஹாரன் குரல் கம்மும். நான்காவது, பானெட்டைத் திறந்தால் டெர்மினலிலே வெள்ளையும் நீலப் பச்சையுமாகப் பூத்திருக்கும். இந்த நாலு கடிதமும் வந்த பிறகுதான் ஐந்தாவதாகத் தந்தி. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இப்போது மறதிக் கணக்கு. என் சக பேராசிரியர் ஒருவர், தமிழ்த்துறை அல்ல, கணக்குத்துறை. (சிரிப்பு) குடும்பத்தோடு சினிமாவுக்குப் போனார். ஹெட்லைட்டை அணைக்காமல் உள்ளே போய்விட்டார். இரண்டு விளக்கு, ஆளுக்கு 55 வாட். பின் விளக்கையும் சேர்த்தால் பத்துப் பதினோரு ஆம்பியர் போகும். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்–மணி. படம் மூன்று மணி நேரம். கதாநாயகனும் கதாநாயகியும் சேர்ந்த நேரத்திலே, வெளியே பேட்டரிக்கு 'சுபம்' போட்டாகிவிட்டது! (சிரிப்பு) திரும்பி வந்தவர் என்ன சொன்னார்? "வண்டி மோசம்யா, வித்துடலாம்னு இருக்கேன்." கணக்கு வாத்தியார் ஐயா அவர்!

ஹெட்லைட்டாவது கண்ணிலே படும். கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டால் உள்ளே எரிகிற சின்ன பல்பு, ஐந்தே வாட். ஆனால் அது மூன்றரை நாளிலே முழு பேட்டரியையும் குடித்துவிடும். வண்டி எடுக்க முடியாத நிலை அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். எதையுமே விடவில்லை, எல்லாம் அணைத்துவிட்டேன் என்றாலும் கடிகாரம், திருட்டுத் தடுப்பு அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சும். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்ததே, நினைவிருக்கிறதா? வாசலிலே துணி போர்த்தி வைத்த கார்கள் எத்தனை எத்தனை! வாரக் கணக்கிலே யாரும் சாவியைத் தொடவில்லை. பிறகு போய்த் திருப்பினால் 'டக்'. மெக்கானிக்குகளுக்கெல்லாம் அந்த நேரத்திலே ஒரே வேலை இதுதான். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே பேட்டரியைப் போட்டு வைத்தால் தகட்டிலே சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. வெளியூர் போகிறவர்கள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாம். அல்லது பக்கத்து வீட்டுப் பையனிடம் வாரம் ஒரு தடவை அரைமணி நேரம் ஓட்டச் சொல்லலாம். வீட்டு நாயைப் பார்த்துக்கச் சொல்கிறோம், செடிக்குத் தண்ணி விடச் சொல்கிறோம். இதுவும் ஒரு உயிர்தானே?

இரண்டாவது குற்றச்சாட்டு, வெயில். ஒப்புக் கொள்கிறேன் ஐயா! சூடு பேட்டரிக்கு ஆகாது. வெயிலிலே உள்ளே நடக்கும் ரசாயன வேலை வேகமாகி, தகடு சீக்கிரம் அரிக்கும், தண்ணீர் வற்றும். வெயிலிலே கெடுவது குளிரிலே வெளிப்படும். குளிர்ந்த காலையிலே பேட்டரியின் வலு குறையும், அப்போதுதான் மாட்டிக் கொள்வோம். இது உண்மை. ஆனால் சித்திரை மாதம் வெயில் அடிக்கும் என்பது நமக்கு என்ன புதுச் செய்தியா? மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் மாதம் ஒரு தடவை பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றணும். குழாய்த் தண்ணி அல்ல, ஆசிட் அல்ல, டிஸ்டில்ட் வாட்டர். அதன் விலை ஒரு காபி விலைதான். மூடியே திறக்காத பேட்டரியாக இருந்தால் அதற்கும் ஆயுள் உண்டு. நம்ம ஊரிலே மூன்று நான்கு வருஷம் ஆகிவிட்டால் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லணும். ஓய்விலே 12.6 வோல்ட் இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் பிள்ளை ஒழுங்காகப் பணம் அனுப்புகிறான் என்று அர்த்தம். ஐந்து நிமிஷ வேலை.

மூன்றாவது குற்றச்சாட்டு, "ஒயரும் கம்ப்யூட்டரும் நமக்கு என்ன புரியும்?" எல்லாம் புரிய வேண்டாம் சார். ஒரே ஒரு சிவப்பு விளக்கு புரிந்தால் போதும். டேஷ்போர்டிலே பேட்டரி படம் போட்ட விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஓடினால் அணைந்துவிட வேண்டும். ஓடும்போதும் எரிந்தால், ஆல்டர்னேட்டரிலிருந்து வரவு நின்று போச்சு, பாட்டி பையிலே இருப்பதை வைத்து வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெல்ட் அறுந்திருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம். எதுவானாலும் உடனே பார்க்கணும்.

எங்கள் தெருவிலே ஒரு நண்பர், புது மாப்பிள்ளை. மனைவியோடு கொடைக்கானல் புறப்பட்டார். வத்தலக்குண்டு தாண்டும்போது இந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது. "என்னங்க இது?" "அது சும்மா எரியும்." "கண்ணை உறுத்துதுங்க." "அப்படியா?" அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? நெற்றியிலே இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கு மேலே ஒட்டிவிட்டாள்! (பலத்த சிரிப்பு) பிரச்சினை தீர்ந்தது! மலைப்பாதையிலே இருட்டினதும் விளக்கைப் போட்டார்கள். முதலிலே விளக்கு மங்கியது. பிறகு ஹாரன் நின்றது. பிறகு வண்டியே நின்றது. அங்கிருந்து அவர் எனக்குப் போன் செய்கிறார், "சார், வண்டி திடீர்னு நின்னு போச்சு!" (சிரிப்பு, கைதட்டல்)

சிரிக்கிறோம். ஆனால் நாமும் எத்தனை சிவப்பு விளக்குகளுக்குப் பொட்டு வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபியூஸ் என்று ஒன்று இருக்கிறது. வண்டியிலே எங்காவது ஷார்ட் ஆனால், "நான் போறேன், வீட்டைக் காப்பாத்துங்க" என்று தன் உயிரைக் கொடுக்கிற காவல்காரன். அது ஒரு தடவை போனால் மாற்றலாம். திரும்பத் திரும்பப் போனால் ஏன் என்று கேட்கணும். நாம் என்ன செய்கிறோம்? 10 ஆம்பியர் இருந்த இடத்திலே 30 ஆம்பியரைச் செருகுகிறோம். சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையே சுற்றிவிடுகிறார்கள். காவல்காரனைக் கொன்றுவிட்டு வாசலிலே பொம்மையை நிறுத்தி வைத்த மாதிரி! அடுத்தது ஒயர் சூடாகும், உருகும், தீப்பிடிக்கும். குழந்தைகள் பின் சீட்டிலே உட்காருகிற வண்டி ஐயா அது. கூடவே பெரிய ஹாரன், பத்து விளக்கு, அதிரடி ஸ்பீக்கர் என்று எங்கேயோ ஒயரை வெட்டி எங்கேயோ முறுக்கி டேப் ஒட்டுகிறோம். அதைச் செய்தது வண்டியா, நாமா?

2015 டிசம்பரிலே சென்னை வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆயிரக்கணக்கிலே கார்கள் முங்கின. அது இயற்கை, யார் மேலும் குற்றமில்லை. ஆனால் தண்ணி வடிந்த மறுநாள் என்ன நடந்தது? ஆசை ஆசையாகப் போய்ச் சாவியைத் திருப்பினார்கள். ஒயரிங்கிலே ஈரம், இன்ஜினுக்குள்ளே தண்ணி. முங்கியதோடு போயிருக்க வேண்டிய செலவு, சாவியைத் திருப்பியதாலே இன்ஜினையும் சேர்த்துக் கொண்டு போனது. தண்ணியிலே நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக் கொண்டுதான் போக வேண்டும். 2023 டிசம்பர் புயலிலும் இதே பாடத்தை மறுபடி படித்தோம்.

இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு எடுக்கிறார்களே, அதிலும் ஒரு முறை உண்டு. முதலில் சிவப்பு ஒயர், செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலே. அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ். பிறகு கறுப்பு ஒயர், நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசி முனையை மட்டும் செத்த பேட்டரியிலே வைக்காமல், தள்ளி இன்ஜினின் வெறும் இரும்பிலே வைக்கணும். ஏன்? கடைசி முனையிலே பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறியும் ஹைட்ரஜனும் சந்தித்தால் பேட்டரி வெடிக்கும், ஆசிட் முகத்திலே தெறிக்கும். டெர்மினல் பக்கத்திலே பீடி பற்ற வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை" என்றார் எதிரணி இளைஞர். தம்பி, அதற்குள்ளேயும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது! கதவைத் திறக்க, விளக்கு எரிய, பெரிய பேட்டரியை எழுப்ப அதுதான் வேண்டும். அது படுத்துவிட்டால் பெரியவர் முழு சார்ஜோடு இருந்தும் வண்டி நகராது. பாட்டி இல்லாத வீடு எங்கேயும் கிடையாது! (கைதட்டல்)

நமக்குப் பெருமையான செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பேட்டரி ஆராய்ச்சிக்கென்று நம் காரைக்குடியிலே ஒரு கோயில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு விழா. 1948இலே 15 லட்சம்! விஞ்ஞானிகள் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஆராய்கிறார்கள். நாம் மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டோம் என்கிறோம்.

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். ஐயா, இரண்டே நிமிஷம். இதுவரை ஊராரைச் சொன்னேன். கடைசியாக என்னைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2006ஆம் வருஷம், மார்கழி மாதம். மதுரையிலே இருக்கிறோம். செகண்ட் ஹேண்டிலே வாங்கிய சின்னக் கார். ஒரு பத்து நாளாகக் காலையிலே செல்ஃப் இழுக்கிறது. பள்ளிக்கூடம் போகிற என் மகள் சொன்னாள், "அப்பா, வண்டி கஷ்டப்படுதுப்பா." நான் சொன்னேன், "குளிருக்கு அப்படித்தாம்மா இருக்கும். சரியாப் போயிடும்."

அதே பத்து நாளாக என் அம்மாவும் ஒன்று சொல்லிக் கொண்டிருந்தார்கள். "ஏண்டா தம்பி, இடது தோள்பட்டை வலிக்குது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது." நான் சொன்னேன், "வாய்வும்மா. ரெண்டு பூண்டைச் சுட்டுச் சாப்பிடுங்க. சரியாப் போயிடும்."

கவனித்தீர்களா ஐயா? இரண்டு பேருக்கும் ஒரே மருந்து. 'சரியாப் போயிடும்.'

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணி. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். முகமெல்லாம் வியர்வை. மார்கழிக் குளிரிலே வியர்வை. பேச்சு வரவில்லை, நெஞ்சைக் காட்டுகிறார்கள். நானும் என் மனைவியும் தூக்கிக்கொண்டு போய்க் காரிலே உட்கார வைத்தோம். சாவியைத் திருப்பினேன்.

'டக்.'

மறுபடி திருப்பினேன். 'டக்.' இறங்கித் தள்ளினேன். என் மனைவி தள்ளினாள். என் மகள், பத்து வயசுக் குழந்தை, தூக்கக் கலக்கத்திலே வெறுங்காலோடு வந்து அவளும் தள்ளினாள். எங்கள் தெரு மேடு. வண்டி நகரவில்லை. உள்ளே அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார்கள். அன்றைக்குத் தெரிந்தது ஐயா, நான் வாங்கிய டாக்டர் பட்டம் ஒரு காரை ஒரு அடி நகர்த்தாது என்று.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு ஆட்டோக்காரர் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோவிலே உட்கார்ந்து கையால் லீவரை ஒரே இழுப்பு. வண்டி கிளம்பியது. பழைய ஆட்டோ. ஆனால் அவர் தினமும் காலையிலே அதைத் துடைத்து, தட்டிப் பார்த்து, பிறகுதான் எடுப்பார். நான் மாடியிலிருந்து பார்த்து, "இந்த மனுஷனுக்கு வேற வேலை இல்லையா" என்று நினைத்ததுண்டு.

ஆஸ்பத்திரியிலே சேர்த்துவிட்டோம். டாக்டர் வெளியே வந்து கேட்டார், "எத்தனை நாளா வலி சொல்றாங்க?" "பத்து நாளா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன வேலை பார்க்கிறீங்க?" "கல்லூரியிலே பேராசிரியர்." அவர் சொன்னார், "படிச்சவர்தானே சார் நீங்க?"

விடிந்ததும் வீட்டுக்கு வந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பானெட்டைத் திறந்தார். டெர்மினல் தெரியவே இல்லை, அவ்வளவு வெள்ளைப் பொடி. கிளாம்ப் வேறு கையாலே ஆட்டினால் ஆடுகிறது. கழற்றினார், வெந்நீரிலே சோடா உப்பு போட்டுக் கழுவினார், துணியாலே துடைத்தார், முடுக்கினார், வாசலின் தடவினார். பத்து நிமிஷம். சாவியைத் திருப்பினார், வண்டி எடுத்துவிட்டது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது நடுவர் அவர்களே! அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் உழைத்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "எத்தனை நாளா சார் செல்ஃப் இழுக்குது?" "பத்து நாளா." அவரும் கேட்டார், "படிச்சவர்தானே சார் நீங்க?"

(அவையில் அமைதி)

என் அம்மா பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பதினொரு ஆண்டுகள் எங்களோடு இருந்தார்கள். 2017இல் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பதினொரு ஆண்டும் எதிர் வீட்டுக்காரர் எங்களுக்குக் கொடுத்தது. நான் கொடுத்ததல்ல. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னார்கள். "வண்டியும் சொல்லுச்சு, நானும் சொன்னேன். இனிமே யாரு சொன்னாலும் ஒரு தடவை காது குடுத்துக் கேளுடா."

வள்ளுவர் பொச்சாவாமை என்று தனியாக ஒரு அதிகாரமே வைத்தார், 54ஆவது அதிகாரம். பொச்சாப்பு என்றால் மறதி, அசட்டை. நான் அந்த அதிகாரத்தை வகுப்பிலே இருபது தடவை நடத்தியிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது அந்த ராத்திரி இரண்டு மணிக்கு, 'டக்' என்கிற ஒரு சத்தத்திலே.

எதிரணி நண்பர்களே, ஆல்டர்னேட்டர் கெடும், பேட்டரி சாகும், ஒயர் அறும். இரும்புக்கும் ஈயத்துக்கும் முடிவு உண்டு. சொல்லாமல் ஒன்றிரண்டு போகவும் கூடும், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிதும் காரணம் எது என்பதல்லவா கேள்வி? பெரும்பாலும் வண்டி சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. முனகிச் சொல்கிறது, மங்கிச் சொல்கிறது, சிவப்பு விளக்கு போட்டுச் சொல்கிறது. கேட்காதவர்கள் நாம்.

இன்றைக்கு நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். பானெட்டைத் திறந்து ஒரு தடவை பாருங்கள். பிறகு உள்ளே போய், வீட்டிலே பெரியவர்கள் இருந்தால், பக்கத்திலே உட்கார்ந்து, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும் வரைக்கும் எழுந்து போகாதீர்கள்.

ஆகவே நடுவர் அவர்களே, நடுவழியில் வண்டி நிற்கக் காரணம் பெரிதும் வைத்திருப்பவரின் குறையே. அதற்கு முதல் சாட்சியாக என்னையே நிறுத்திவிட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)